உயர்தரத்தில் எந்தப் பிரிவு? கேட்டுத் தெரிந்து முடிவெடுப்போம்

(தோட்டத்துக் கலாசார மண்டபத்தில் நடைபெற்ற பெற்றோர் – மாணவர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை, வாசகர்களுக்காக இங்கே எழுத்தில் தரப்படுகிறது.)



உங்களுக்குக் கிடைப்பது இந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. துணி துவைக்கணும், விறகு பார்க்கணும், டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்கணும். அதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு இவ்வளவு பேர் வந்திருக்கிறீர்கள். மேல் டிவிசனில் இருந்து மழையில் நடந்து வந்தவர்களும் இருக்கிறீர்கள். அதற்கு முதலில் நன்றி. முன்வரிசையில் இருக்கிற பிள்ளைகள் பதினோராம் வகுப்புப் படிக்கிறவர்கள். இன்றைய பேச்சு அவர்களைப் பற்றியதுதான்.

ஒவ்வொரு வருடமும் ஓ.எல். பெறுபேறு வந்த வாரத்தில் எங்கள் அலுவலகத்துக்கு நாலைந்து தகப்பன்மார் வருவார்கள். கையில் ஒரு துண்டுக் கடதாசி இருக்கும். "ஐயா, புள்ள பாஸ் பண்ணிட்டான். இனி என்ன படிக்க வைக்கலாம்?" என்று கேட்பார்கள். கேட்பது நல்ல விஷயம். ஆனால் அந்த வாரத்தில் கேட்பது பிந்திய கேள்வி. 2024ஆம் ஆண்டு பரீட்சை முடிந்த கொஞ்ச நாளிலேயே, பெறுபேறு வருவதற்கு முன்னரே, உயர்தர வகுப்புகளைத் தொடங்கிவிட்டார்கள். யோசிப்பதற்கு இடைவெளி கிடைக்கும் என்று நம்பி இருக்க ஏலாது. அதனால்தான் பரீட்சைக்கு முன்னதாகவே உங்களைக் கூப்பிட்டோம்.

முதலில் எங்கள் பக்கத்துத் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். அதைச் சொல்லாமல் உங்களுக்குப் புத்தி சொல்ல எங்களுக்கு வாய் வராது.

பல வருடங்களுக்கு முன்னர் ஒரு தகப்பனார் எங்களிடம் வந்தார். மகளுக்கு ஓ.எல்.லில் விஞ்ஞானத்துக்கு ஏ, கணிதத்துக்கு பீ. விஞ்ஞானப் பிரிவு இருக்கிற பாடசாலைக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். விடிய ஐந்தரைக்கே லயத்தை விட்டு இறங்க வேண்டும். "பொம்பளப் புள்ள, இருட்டுல எப்படி ஐயா அனுப்புறது?" என்று கேட்டார். நாங்கள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "பக்கத்துப் பாடசாலையில் கலைப்பிரிவு இருக்குதுதானே, அங்கேயே போடுங்க" என்று சொல்லி, அதிபருக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தோம். அவருக்கும் சந்தோஷம், எங்களுக்கும் ஒரு வேலை முடிந்த திருப்தி. பிள்ளையிடம் யாருமே ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தப் பிள்ளை நன்றாகத்தான் படித்தது. ஏ.எல். மூன்று பாடமும் சித்தி. அதற்குப் பிறகு ஒரு நாள் தாதியர் பயிற்சிக்கு ஆள் எடுக்கிற வர்த்தமானி அறிவித்தலை எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தது. சின்ன வயதில் இருந்தே தோட்டத்து டிஸ்பென்சரி வாசலில் நின்று பார்த்து, நர்ஸ் வேலைக்குப் போகணும் என்று நினைத்திருந்த பிள்ளை. அறிவித்தலை நாங்கள் வாசித்தோம். உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்கள் சித்தியடைந்திருக்க வேண்டும் என்று இருந்தது. "அப்போ நான் போட ஏலாதா ஐயா?" என்று கேட்டது. எங்களால் நிமிர்ந்து பதில் சொல்ல முடியவில்லை. இன்று அவர் ஒரு தைத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அது கௌரவமான வேலைதான், நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர் விரும்பிய வேலை அது இல்லை. அந்தக் கதவை மூடியதில் எங்கள் கையெழுத்தும் இருக்கிறது.

அன்றைக்கு நாங்கள் செய்திருக்க வேண்டியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. பிள்ளையைக் கூப்பிட்டு, "நீ என்னவா ஆகணும்னு நினைக்கிற?" என்று கேட்டிருக்க வேண்டும். டவுன் பக்கம் சொந்தக்காரர் யாராவது இருக்கிறார்களா, அந்தப் பாடசாலையில் விடுதி இருக்கிறதா, பக்கத்துத் தோட்டத்தில் இருந்து அதே பஸ்ஸில் போகிற பிள்ளைகள் உண்டா, "சிசு சரிய" பாடசாலை பஸ் அந்த ரோட்டில் ஓடுகிறதா, பருவச்சீட்டு எடுத்தால் செலவு எவ்வளவு என்று விசாரித்திருக்க வேண்டும். விசாரித்த பிறகும் முடியாமல் போயிருக்கலாம். ஆனால் விசாரிக்காமலே முடியாது என்று முடிவு செய்ததுதான் பிழை.

இன்றைக்கு நாங்கள் சொல்ல வந்ததும் அந்த ஒன்றுதான். கேட்காமல் முடிவெடுக்காதீர்கள்.

"நாங்க அஞ்சாம் வகுப்போட நின்னவங்க, எங்களுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?" என்று தாய்மார் சொல்வது எங்கள் காதில் விழுகிறது. அது உங்கள் குற்றம் இல்லை. இந்த நாட்டில் இலவசக் கல்வி வந்தது 1945ஆம் ஆண்டு. அப்போது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன. ஒரே கட்டடத்தில், ஒரே வாத்தியார், ஐந்து வகுப்புக்கும் படிப்பித்த காலம் அது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுக்கத் தொடங்கியதே 1970களில்தான். அதனால் இங்கே பல வீடுகளில் உயர்தரம் வரைக்கும் போகிற முதல் ஆள் உங்கள் பிள்ளைதான்.

ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். கொழுந்து மடுவத்தில் நிறுவை போடும்போது தராசைப் பார்க்காமல் நீங்கள் வருவீர்களா? எத்தனை கிலோ எழுதினார்கள் என்று கேட்காமல் விடுவீர்களா? தராசு எப்படிச் செய்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. ஆனாலும் கேட்கத் தெரியும். பிள்ளையின் படிப்பிலும் அதுதான். பௌதிகவியல் உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. கேட்கத் தெரிந்தால் போதும்.

இனி விஷயத்துக்கு வருவோம். உயர்தரம் என்பது 12ஆம், 13ஆம் வகுப்பு. பிரதான பாடங்கள் மூன்று. முன்பு நான்கு பாடங்கள் இருந்தன; 2000ஆம் ஆண்டுப் பரீட்சையில் இருந்து மூன்றாகிவிட்டது. இவற்றோடு பொது ஆங்கிலமும், பொதுச் சாதாரண வினாத்தாளும் இருக்கின்றன. அந்தப் பொது வினாத்தாளைப் பிள்ளைகள் அலட்சியம் செய்வார்கள். பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க அதில் குறைந்தது 30 புள்ளி வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது.

அந்த மூன்று பாடங்களும் எந்தப் பிரிவில் என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு பிரிவும் எந்தப் பக்கம் போகும் என்று சுருக்கமாகப் பார்ப்போம்.

கணிதப் பிரிவு என்றால் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். பொறியியல் பட்டப்படிப்புக்குப் போக வேண்டுமென்றால் இந்த வழிதான்.

உயிரியல் பிரிவு என்றால் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல். டாக்டர் படிப்புக்கு இந்த மூன்றும் வேண்டும். சில பிள்ளைகள் பௌதிகவியல் கஷ்டம் என்று அதற்குப் பதிலாக விவசாய விஞ்ஞானம் எடுப்பார்கள். எடுக்கலாம், விவசாயத் துறைப் பக்கம் போகலாம். ஆனால் வைத்தியத்துறைக் கதவு அப்போதே மூடிவிடும். அதைத் தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும். தெரியாமல் எடுத்துவிட்டுப் பிறகு அழக் கூடாது.

வர்த்தகப் பிரிவு என்றால் கணக்கீடு, வணிகக் கல்வி, பொருளியல். முகாமைத்துவம், வங்கி, கணக்காளர் படிப்பு என்று போகிறவர்களுக்கு இது ஏற்றது.

கலைப்பிரிவில் தமிழ், வரலாறு, புவியியல், அரசியல் விஞ்ஞானம், இந்து நாகரிகம் என்று பல பாடங்கள் உண்டு. இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். கலைப்பிரிவு என்றால் "ஒண்ணும் ஏலாதவங்க படிக்கிறது" என்று சிலர் பேசுகிறார்கள். அது பிழை. சட்டப் படிப்புக்கு எந்தப் பிரிவில் இருந்தும் விண்ணப்பிக்கலாம். 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியாகியது. ஆனாலும் பிரதேச செயலகத்துக்கும் பொலிசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போனால் தமிழில் வேலை நடக்க நாம் படும் பாடு உங்களுக்குத் தெரியும். தமிழும் சிங்களமும் எழுதப் பேசத் தெரிந்த ஒருவர் அந்த இடங்களில் எவ்வளவு தேவைப்படுகிறார்! கலைப்பிரிவில் மொழிகளையும் புவியியலையும் ஆசையோடு எடுத்துப் படிக்கிற பிள்ளைக்கு வழி இருக்கிறது. பக்கத்தில் இருக்கிறது, சிநேகிதி போகிறாள் என்று போய் உட்காருகிற பிள்ளைக்குத்தான் வழி இல்லை.

அடுத்தது தொழினுட்பப் பிரிவு. இது 2013இல் தொடங்கியது, முதல் பரீட்சை 2015இல் நடந்தது. பொறியியற் தொழினுட்பவியல் அல்லது உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் ஒன்று, தொழினுட்பத்திற்கான விஞ்ஞானம் இன்னொன்று, மூன்றாவது பாடம் தகவல் தொழினுட்பம், விவசாயம், புவியியல் போன்ற பட்டியலில் இருந்து எடுக்கலாம். கைவேலையில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு இது நல்ல பாதை. பல்கலைக்கழகத்தில் இதற்கென்று தனியாகப் பட்டப்படிப்புகளும் இருக்கின்றன.

கடைசியாக ஒன்று, நம்மில் அதிகம் பேருக்குத் தெரியாதது. 13 வருட உத்தரவாதக் கல்வி என்று 2017இல் தொடங்கினார்கள். ஓ.எல்.லில் போதிய சித்தி கிடைக்காத பிள்ளையும் பாடசாலையை விடாமல், தொழிற்றுறைப் பிரிவில் இரண்டு வருடம் படிக்கலாம். எல்லாப் பாடசாலையிலும் இது இல்லை, தெரிவு செய்த பாடசாலைகளில்தான் உண்டு. எது என்று வலயக் கல்விப் பணிமனையில் கேட்டால் சொல்வார்கள். "ஃபெயில் ஆயிட்டான், கொழும்புக்கு அனுப்பிடுவோம்" என்று முடிவெடுப்பதற்கு முன்னர் இதையும் கேளுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, எதைத் தெரிவு செய்வது? பிள்ளையும் தாய் தகப்பனும் ஒன்றாக உட்கார்ந்து நாலு கேள்வி கேளுங்கள்.

முதலாவது கேள்வி பிள்ளையிடம். உனக்கு எந்தப் பாடம் பிடிக்கும்? எதைப் படிக்கும்போது நேரம் போவது தெரியவில்லை? ஒன்பதாம், பத்தாம் வகுப்பு ரிப்போட்டை எடுத்துப் பாருங்கள். கணிதத்தில் தொடர்ந்து 40 எடுக்கிற பிள்ளையை இணைந்த கணிதத்தில் போட்டால் அது பிள்ளைக்குச் செய்கிற கொடுமை. விஞ்ஞானத்தில் 80 எடுக்கிற பிள்ளையை வசதிக்காக வேறு பிரிவில் போட்டால் அதுவும் கொடுமைதான். எந்தப் பிரிவுக்கு ஓ.எல்.லில் என்ன சித்தி வேண்டும் என்பதைச் சுற்றறிக்கையில் சொல்லியிருப்பார்கள். அதிபரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இங்கே இன்னொரு பிள்ளையின் கதையைச் சொல்ல வேண்டும். தகப்பனார் ஆசையில், லயம் முழுக்க "எங்க மகன் இஞ்சினியர் ஆகப் போறான்" என்று சொல்லிவிட்டார். பையன் கணிதப் பிரிவுக்குப் போனான். முதல் தடவை சரிவரவில்லை. இரண்டாம் தடவையும் சரிவரவில்லை. மூன்றாம் தடவை எழுது என்றார் தகப்பனார். பையன் வீட்டில் யாரோடும் பேசுவதை விட்டுவிட்டான். கடைசியில் அவனே எங்களிடம் வந்து, "எனக்கு வயரிங் வேலைன்னா விருப்பம் ஐயா, கணக்கு ஏலாது" என்றான். ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்சார வேலை பழகினான். தேசிய தொழிற்தகைமை 4ஆம் மட்டம் எடுத்தான். இன்று நாலு பேருக்கு வேலை கொடுக்கிறான். பௌதிகவியலில் படித்த மின்சாரப் பாடம் அவனுக்கு வீண் போகவில்லை. வீட்டில் பேச்சில்லாமல் போன அந்த இரண்டு வருடம்தான் வீண்.

இரண்டாவது கேள்வி, இந்தப் பிரிவைப் படித்தால் என்னென்ன கதவு திறக்கும்? ஒரு கதவை மட்டும் பார்த்துப் போகாதீர்கள். பல்கலைக்கழகம் கிடைத்தால் எங்கே, கிடைக்காவிட்டால் எங்கே என்று இரண்டையும் கேளுங்கள். உயர்தரம் சித்தியடைகிற எல்லோருக்கும் பல்கலைக்கழகத்தில் இடம் இல்லை என்பது உண்மை. அதனால் இரண்டாவது வழியை முதலே பார்த்து வைப்பது தோல்வி இல்லை, புத்திசாலித்தனம்.

கல்வியியற் கல்லூரி ஒரு வழி. நம் மலையகத்திலேயே பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது. ஜேர்மன் நாட்டு உதவியோடு கட்டியது. உயர்தரப் பெறுபேற்றைப் பார்த்து எடுப்பார்கள். நம் தோட்டப் பாடசாலைகளில் தமிழில் கணிதமும் விஞ்ஞானமும் படிப்பிக்க ஆசிரியர் போதாது என்பது எல்லோருக்கும் தெரிந்த குறை. அந்தக் குறையை வெளியூரில் இருந்து வருகிறவர்கள் எவ்வளவு காலம் தீர்ப்பார்கள்? இரண்டு வருடத்தில் மாற்றம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இந்த மண்ணில் பிறந்த பிள்ளை விஞ்ஞானம் படித்து ஆசிரியராக வந்தால்தான் அது தீரும். ஒரு பிள்ளை விஞ்ஞானம் படித்தால் பின்னால் வருகிற நூறு பிள்ளைகளுக்கு விஞ்ஞானப் பிரிவு கிடைக்கும்.

தொழில்நுட்பக் கல்லூரிகள், உயர் தொழினுட்பவியல் நிறுவகங்கள், தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்கள், அட்டனில் உள்ள தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் என்று இன்னும் வழிகள் இருக்கின்றன. தொழிற்தகைமை 4ஆம் மட்டத்தோடு நிற்க வேண்டியதில்லை. 5, 6 டிப்ளோமா, 7 பட்டம் என்று மேலே போகலாம். வேலை செய்துகொண்டே படிக்கத் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. அதற்குக் கண்டியிலும் நிலையம் உண்டு.

பல்கலைக்கழகத்தைப் பற்றியும் ஒரு விஷயம். 2001 முதல் இஸட் புள்ளி முறைதான். பெரும்பாலான துறைகளில் இடங்களில் 40 சதவீதம் நாடு முழுவதற்கும் திறமை வரிசையில், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையில், மீதி 5 சதவீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. அந்த 16இல் நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி, மொனராகலை எல்லாம் இருக்கின்றன. கண்டி, மாத்தளை, கேகாலை இல்லை. பரீட்சைக்கு முந்திய மூன்று வருடங்கள் எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தார் என்பதைப் பார்த்துத்தான் மாவட்டத்தைக் கணக்கெடுப்பார்கள். அதனால் பெரிய டவுன் பாடசாலை என்ற ஆசையில் பிள்ளையை வேறு மாவட்டத்துக்கு மாற்றுவதற்கு முன்னர் இதையும் கேட்டுப் பார்க்க வேண்டும். மாற்றவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. தெரிந்து மாற்றுங்கள்.

பல்கலைக்கழகம் கிடைத்த பிறகு செலவுக்கு எங்கே போவது என்று பயந்து நிற்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1981இல் தொடங்கிய மஹாபொல புலமைப்பரிசில் இருக்கிறது, அது கிடைக்காதவர்களுக்குப் பேர்சரி உதவிப்பணமும் உண்டு. குடும்ப வருமானத்தைப் பார்த்தே கொடுப்பார்கள். பணப் பயத்தில் பதினாறு வயதிலேயே பிள்ளையின் படிப்பை வெட்டிவிடாதீர்கள்.

மூன்றாவது கேள்வி பாடசாலை அதிபரிடம். "ஐயா, இந்தப் பிரிவு இருக்குதுன்னு சொல்றீங்க, மூன்று பாடத்துக்கும் டீச்சர் இருக்காங்களா?" இதைக் கேட்க வெட்கப்படாதீர்கள். போர்டில் பிரிவின் பெயர் இருக்கும், இரசாயனவியலுக்கு ஆசிரியர் இருக்க மாட்டார். ஆய்வுகூடம் இருக்கும், சாமான் இருக்காது. போன முறை எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் மூன்று பாடமும் சித்தி என்று கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் நல்ல அதிபர் கோபப்பட மாட்டார், சந்தோஷப்படுவார். தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள். நாங்கள் கூட வருகிறோம். கோயில் கமிட்டியும் மாதர் சங்கமும் வரலாம்.

நாலாவது கேள்வி வீட்டுக்குள் கேட்க வேண்டியது. இரண்டு வருடம் இதை நம்மால் தாங்க முடியுமா, எப்படித் தாங்குவது? பஸ் செலவு, டியூசன் செலவு, புத்தகம், இராத்திரிப் படிக்க ஒரு மூலை, ஒரு பல்பு. எட்டுப் பேர் இருக்கிற ஒரு காம்பராவில் டீவி சத்தத்துக்கு நடுவில் இரசாயனவியல் படிக்க முடியாது. இரண்டு மணித்தியாலம் டீவியை நிறுத்துவதற்குக் காசு செலவில்லை. இந்த மண்டபத்தையும் பின்னேரத்தில் படிக்கிற பிள்ளைகளுக்குத் திறந்து விட நாங்கள் தோட்ட நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறோம்.

பொம்பளைப் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் ஒன்று. தம்பி தங்கச்சியைப் பார்க்க, சமைக்க, தண்ணி பிடிக்க என்று மகளை நிறுத்துகிறோம். மகன் படிக்கட்டும் என்கிறோம். பெறுபேற்றுத் தாளை எடுத்துப் பாருங்கள், பல வீடுகளில் மகள்தான் கூடப் புள்ளி எடுத்திருக்கிறாள். தாய்மாரே, காலையில் பெரட்டுக்கு ஓடி, மலையில் நின்று, இராத்திரி அடுப்படிக்கு வருகிற கஷ்டம் உங்களுக்குத்தான் தெரியும். உங்கள் மகளுக்காக நீங்கள் பேசாவிட்டால் வேறு யார் பேசுவது?

"ஓ.எல். எழுதின கையோட கடைக்குப் போனா மாசம் காசு வருமே" என்கிற கணக்கும் எங்களுக்குப் புரிகிறது. மழைக்காலத்தில் கொழுந்து குறைந்து, பேர் குறைந்து, கடைக்கடன் ஏறும்போது அந்தக் காசு எவ்வளவு பெரிது என்று தெரியும். சட்டப்படி 16 வயதுக்குக் கீழ் வேலைக்கு அனுப்பவே கூடாது. 2021இல் அந்த வயதை 14இல் இருந்து 16 ஆக்கினார்கள். 16 முடிந்தால் போகலாம்தான். ஆனால் ஒரு விஷயத்தை யோசியுங்கள்.

பழைய தேயிலையைப் பிடுங்கிய மலையில் நாம் உடனே கன்று வைப்பதில்லை. குவாத்தமாலாப் புல்லோ மானாப் புல்லோ போட்டு, ஒன்றரை இரண்டு வருடம் மண்ணைத் தேற்றி எடுக்கிறோம். அந்த இரண்டு வருடம் அந்த மலையில் ஒரு கிலோ கொழுந்து வராது. பார்க்கிறவனுக்குச் சும்மா கிடக்கிற மலை மாதிரித்தான் தெரியும். ஆனால் அதைச் செய்யாமல் வைத்த கன்று நின்று பிடிக்காது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உயர்தரத்தின் இரண்டு வருடமும் அப்படித்தான். காசு வராது, செலவுதான். ஆனால் பிறகு நாற்பது வருடத்துக்குப் பிள்ளை நிற்கப் போவது அந்த மண்ணில்.

பிள்ளைகளுக்கும் இரண்டு வார்த்தை. சிநேகிதன் போகிற பிரிவுக்குப் போகாதீர்கள். இரண்டு வருடம் கழித்து அவன் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம். பரீட்சை முடிந்து வகுப்பு தொடங்கும் வரை கிடைக்கிற நாட்களைத் தூங்கிக் கழிக்காதீர்கள். எந்தப் பிரிவுக்குப் போனாலும் சிங்களமும் ஆங்கிலமும் கூடவே வர வேண்டும். நீங்கள் வாய் திறந்து அப்பா அம்மாவிடம் பேசுங்கள். "எனக்கு இது விருப்பம், இதுக்குக் காரணம் இது" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். கையில் போன் இருக்கிற பிள்ளைகள் அதில் வர்த்தமானி அறிவித்தல்களையும் கொஞ்சம் பாருங்கள்.

ஒரு முக்கியமான வேலை பாக்கி இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை. நம்மவர்களுக்கு ஒரு கடதாசியில் "இராமையா", இன்னொன்றில் "ராமையா", ஆங்கிலத்தில் வேறு ஒரு எழுத்து. தகப்பன் பெயர் ஒரு மாதிரி, பாடசாலைப் பதிவு ஒரு மாதிரி. பரீட்சை எழுதும்போது பெரிதாகத் தெரியாது. வேலைக்கும் கல்லூரிக்கும் விண்ணப்பிக்கும்போதுதான் கழுத்தைப் பிடிக்கும். 15 வயதில் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பாடசாலைப் பிள்ளைக்கு அதிபர் ஊடாகச் செய்யலாம். பெயரில் பிழை இருந்தால் இப்போதே பிரதேச செயலகத்தில் பதிவாளரிடம் திருத்த வேண்டும். பிறப்புப் பதிவே இல்லாதவர்கள் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு என்ன செய்ய வேண்டும் என்று எங்களிடம் வந்து கேளுங்கள். பதினோராம் வகுப்புப் பிள்ளை உள்ள ஒவ்வொரு வீடும் இன்று இராத்திரியே டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்தக் கடதாசிகளை எடுத்துப் பாருங்கள்.

இனி எங்கள் அலுவலகம் ஒவ்வொரு புதன்கிழமையும் மலை விட்டு வந்த பிறகு, பின்னேரம் ஐந்து மணியில் இருந்து இதற்காகவே திறந்திருக்கும். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாங்க. தகப்பன் மட்டும் வந்தால் நாங்கள் கடிதம் எழுதித் தர மாட்டோம். அந்தப் பாடத்தை ஒரு தடவை படித்துவிட்டோம். பிள்ளை வந்து, தன் வாயால் தன் விருப்பத்தைச் சொன்ன பிறகுதான் எழுதுவோம்.

தைத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிற அந்தப் பிள்ளை போன தீபாவளிக்கு ஊருக்கு வந்திருந்தது. ரோட்டில் எங்களைக் கண்டு நின்று பேசியது. கோபம் ஒன்றும் இல்லை. "என் தங்கச்சி அடுத்த வருசம் ஓ.எல். ஐயா. சயன்ஸ் நல்லா செய்யுது. பஸ் காசு நான் அனுப்புறேன். நீங்க அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றது.

அந்தத் தகப்பனார் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறார். தங்கச்சியும் முன்வரிசையில் இருக்கிறது. அவரிடம் சொல்ல வேண்டிய வார்த்தையை உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டோம். புதன்கிழமை இரண்டு பேரும் வாங்க, உட்கார்ந்து பேசுவோம்.